கீபோர்டு இருக்கட்டும், பாட்டியின் பெயர் எங்கே?

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பிதழில் ஸ்காட்லாந்து நாட்டுப்புற இசையைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். பேக்பைப் என்ற பை வைத்த ஊதுகுழலை ராக் கச்சேரியில் சேர்த்தது, கேலிக் என்ற அந்த நாட்டுப் பழைய மொழிப் பாட்டுக்கு டிரம்ஸ் போட்டது, பழைய பாட்டிகளின் குரலைக் கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டியது எல்லாம் சேர்ந்து அங்கே மரபைக் கெடுத்துவிட்டது என்று எழுதியவர், கடைசியில் நம் சேலம் பக்கத்துக் கூத்தில் கீபோர்டு நுழைந்ததையும் அதோடு சேர்த்துக்கொண்டு, எல்லா ஊரிலும் இதே கதைதான் என்று முடித்திருந்தார். அவருடைய அக்கறையில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அங்கே நடந்ததும் இங்கே நடப்பதும் ஒரே கதை இல்லை. அந்த வித்தியாசத்தைச் சொல்லாமல் விட்டால் நாம் தப்பான ஆளோடு சண்டை போட்டுக்கொண்டே இருப்போம், அதனால்தான் எழுதுகிறேன்.

நான் அம்மாப்பேட்டையில் மைக்செட் தொழில் செய்கிறவன், அப்பா காலத்திலிருந்து இதுதான் பிழைப்பு. மாரியம்மன் பண்டிகை, கூத்து, காதுகுத்து, கருமாதி என்று சேலம் மாவட்டத்தில் மேளம் ஒலிக்கிற இடத்தில் எல்லாம் என் வயரும் ஓடியிருக்கும். பேக்பைப் மேல் எனக்கு ஆசை வந்ததும் இந்தத் தொழிலால்தான். அதில் தோளில் சாய்ந்து நிற்கிற மூன்று குழாய்களும் விடாமல் ஒரே சுருதியைப் பிடித்துக்கொண்டு நிற்கும். நாகசுரத்துக்குப் பின்னால் ஒத்து ஊதுகிறவர் செய்கிற வேலைதான் அது. அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகு விடவே முடியவில்லை, தேடித் தேடிக் கேட்டும் படித்தும் வருகிறேன்.

முதலில் அங்கே மரபு என்று எதைச் சொல்கிறார்கள், அது யாரிடம் இருந்தது என்று பார்க்க வேண்டும். 1951-ல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் ஸ்காட்டிஷ் ஆய்வுகளுக்கு என்றே ஒரு பள்ளி தொடங்கினார்கள். அதில் சேர்ந்த ஹேமிஷ் ஹெண்டர்சன் என்ற கவிஞர் டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். 1953-ல் அபர்டீன் நகரத்தில் ஜீனி ராபர்ட்சன் என்ற பெண்மணியின் வீட்டுக் கதவைத் தட்டினார். அந்தம்மா நாடோடிக் குடும்பத்தில் வந்தவர். தகரச் சாமான் செய்து விற்றும் பழம் பறித்தும் ஊர் ஊராகத் திரிந்த மக்கள் அவர்கள். ஊர்க்காரர்கள் அவர்களை மட்டமாகப் பேசினார்கள், ஊருக்குள் தங்க விடாமல் விரட்டினார்கள். ஆனால் படித்தவர்கள் செத்துப்போய்விட்டது என்று நினைத்திருந்த நீளமான பழங்கதைப் பாட்டுகள் அந்தக் குடும்பங்களில்தான் உயிரோடு இருந்தன. பிளேர்கவுரி என்ற ஊரில் கோடையில் பெர்ரி பழம் பறிக்க அவர்கள் வந்து கூடாரம் போடுவார்கள். அங்கே போய்ப் பதிவு செய்தது நயாகரா அருவிக்கு அடியில் தகரக் குவளையைப் பிடித்த மாதிரி இருந்தது என்று ஹெண்டர்சனே சொல்லியிருக்கிறார். அந்த ஜீனி ராபர்ட்சனுக்கு 1968-ல் பிரிட்டிஷ் அரசு எம்.பி.ஈ. விருது கொடுத்தது.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், பாட்டிகளின் குரலை வெட்டி ஒட்டியவர் என்று கட்டுரையாளர் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திய இசைக்கலைஞர் மார்ட்டின் பென்னட் இந்த டேப்புகளை வைத்துத்தான் வேலை செய்தார். அவருடைய அம்மா மார்கரெட் பென்னட் நாட்டுப்புறவியல் அறிஞர், நல்ல பாடகியும்கூட. மகன் சின்ன வயதிலேயே பேக்பைப் கற்று, அப்புறம் கிளாஸ்கோவில் வயலினும் பியானோவும் முறையாகப் படித்தவர். அவரை மரபு தெரியாத ஆள் என்று யாரும் சொல்ல முடியாது. 2000-ஆம் ஆண்டு வாக்கில் புற்றுநோய் வந்தது. வாத்தியத்தை எடுத்து வாசிக்க உடம்பில் தெம்பு இல்லாமல் போன நாட்களில், பழைய ஒலிப்பதிவுகளை எடுத்து அதைச் சுற்றி மின்னணுத் தாளமும் இசையும் அடுக்கி 2003-ல் ‘கிரிட்’ என்ற ஆல்பத்தை வெளியிட்டார். 2005-ல் காலமானார், வயது 33. அந்த ஆல்பத்தில் பாடுகிற குரல்களில் ஷீலா ஸ்டூவர்ட், ஜீனியின் மகள் லிசி ஹிக்கின்ஸ் போன்ற நாடோடிக் குடும்பத்துப் பெண்களுடையவையும் உண்டு. அதே லிசி மீன் அறுக்கும் வேலை பார்த்து வாழ்ந்தவர். எங்கள் பாட்டியின் குரலை டான்ஸ் மியூசிக்கில் போடலாமா என்று கேட்பவர்கள், அந்தக் குரலை எங்கே நிறுத்தியிருக்கிறார் என்று ஒரு முறை ஹெட்போனில் கேட்கட்டும். தொழில் தெரிந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், குரல்தான் முன்னால் இருக்கிறது. மூச்சு வாங்குவதும் குரல் பிசிறுவதும்கூட அப்படியே கேட்கிறது, பீட்டுக்கு ஏற்றபடி இழுத்துச் சரி செய்யலாமே என்ற ஆசைக்கு அவர் இடம் கொடுத்த மாதிரி எனக்குத் தெரியவில்லை. அதைவிட முக்கியம், ஷீலா ஸ்டூவர்டின் பெயர் தெரியும். குடும்பம் தெரியும். வெறும் குரலாக, தாளம் எதுவும் இல்லாமல் அவர் பாடிய பதிவுகளையும் தேடிக் கேட்க முடியும். புதுசு பிடிக்காதவர் பழசுக்குப் போகலாம், புதுசைக் கேட்டு மயங்கிய பையனும் பழசுக்குப் போகலாம். இரண்டுக்கும் வழி திறந்தே இருக்கிறது.

மரபைக் காப்பாற்றுகிறோம் என்று சொன்னவர்களே அதைச் சுருக்கியதும் உண்டு, கட்டுரையில் அது வரவில்லை. பேக்பைப்பின் பெரிய சங்கீதத்துக்குப் பீப்ராக் என்று பெயர். ஒரு கருவை எடுத்து, மாற்றி மாற்றி விரித்துக்கொண்டு போகிற நீண்ட வாசிப்பு. முன்பெல்லாம் அதை ஏட்டில் எழுதிப் படிக்கவில்லை. ஹிஹரின், ஹோதின் என்று வாயால் சொல்லிச் சொல்லியே குரு சிஷ்யனுக்குக் கொடுத்தார், நம் தவில்காரர் சொற்கட்டு சொல்லிக்கொடுக்கிறாரே அது போலத்தான். அதனால் ஒரே உருப்படி ஒவ்வொரு குருவிடமும் கொஞ்சம் வேறு மாதிரி இருந்தது. 1903-ல் பீப்ராக் சங்கம் என்று ஒன்று வந்தது. நல்ல எண்ணத்தோடு நொட்டேஷன் புத்தகங்கள் போட்டார்கள். ஆனால் போட்டிகளில் அந்தப் புத்தகத்தில் உள்ளபடி வாசிப்பவருக்கே மார்க் என்று வழக்கம் ஆனதும், மற்ற பாடங்கள் எல்லாம் மெல்ல ஒதுங்கின. புத்தகத்துக்கு முந்தைய கையெழுத்துப் பிரதிகளைத் தேடி எடுத்து, விட்டுப்போன பாடங்களை மறுபடி வாசிக்கிறவர்கள் இப்போது இருக்கிறார்கள். இவர்களில் யார் பழைமைவாதி, யார் புதுமைவாதி? எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அக்கார்டியன் இல்லாத ஸ்காட்டிஷ் நடன இரவை இன்றைக்கு யாரும் நினைத்துப் பார்க்க மாட்டார்கள். ஆனால் அது 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலிருந்து வந்து சேர்ந்த பெட்டிதான். பேக்பைப்பை மற்ற வாத்தியங்களோடு சேர்த்ததும் சும்மா நடந்துவிடவில்லை. அதன் ‘ஏ’ சுரம் இன்றைய பேண்டுகளில் 480 ஹெர்ட்ஸ் பக்கம் ஒலிக்கிறது, பியானோவின் ‘ஏ’ 440. அப்படியே பிடில் பக்கத்தில் வைத்தால் காது கூசும். அதோடு அதில் சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் வழி கிடையாது. 1970-களில் பேட்டில்ஃபீல்ட் பேண்டு மாதிரி குழுக்கள் அதோடு மல்லுக்கட்டித்தான் மேடைக்குக் கொண்டுவந்தார்கள். 1980-களில், அக்குளில் துருத்தியை வைத்து அமுக்கி வாசிக்கிற சின்ன பைப்பை, கிட்டத்தட்ட மறந்துபோயிருந்ததை, மற்ற வாத்தியங்களோடு சுருதி சேர்கிற மாதிரி திரும்பச் செய்து எடுத்தார்கள். புதிதாகச் சேர்த்து வாசிக்க வேண்டும் என்ற தேவையால் ஒரு பழைய வாத்தியம் பிழைத்தது.

சண்டையும் புதிதில்லை. எழுத்தாளர் வால்டர் ஸ்காட் 1802-ல் இங்கிலாந்து எல்லைப்புறப் பாட்டுகளைத் தொகுத்து அச்சில் கொண்டுவந்தபோது, அவருக்குப் பாட்டுக் கொடுத்த மார்கரெட் லெய்ட்லா என்ற கிராமத்து அம்மா நேருக்கு நேராகத் திட்டியதாக அவருடைய மகன் ஜேம்ஸ் ஹாக் எழுதி வைத்திருக்கிறார். இதெல்லாம் பாடுவதற்கு உண்டானது, படிப்பதற்கு இல்லை, அச்சடித்துக் கெடுத்துவிட்டீர்கள், இனிமேல் யாரும் பாட மாட்டார்கள் என்றாராம். போதாததற்கு எழுதியதும் சரியில்லை என்றாராம். அந்தம்மாவின் கோபம் நியாயமானது. ஸ்காட் வரிகளைத் தன் இஷ்டத்துக்குத் திருத்தியதும் உண்மைதான். ஆனால் அவர் பதிப்பித்ததால்தான் இன்றைக்கு அந்தக் கோபம்வரை நமக்குத் தெரிகிறது. மார்ஜரி கென்னடி-ஃப்ரேசர் கதையும் இப்படித்தான். 1909-ல் தொடங்கி ஹெப்ரிடீஸ் தீவுப் பாட்டுகளை வரவேற்பறைப் பியானோவுக்கு ஏற்ற மாதிரி மெருகேற்றிப் புத்தகமாகப் போட்டார். பாட்டின் உயிரை எடுத்துவிட்டார் என்று இன்றுவரை திட்டு வாங்குகிறார். ஆனாலும் அவர் மெழுகு உருளையில் பிடித்த தீவுக்காரர்களின் குரல் எடின்பரோவில் இருக்கிறது. மெருகையும் மூலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிவதால்தான் திட்டவே முடிகிறது.

கட்டுரையில் கிண்டலடித்திருந்த கேப்பர்கேலி குழுவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1992-ல் அவர்கள் பாடிய கேலிக் பாட்டு பிரிட்டனின் முதல் 40 பாட்டுப் பட்டியலுக்குள் போனது, ஸ்காட்லாந்துக் கேலிக் மொழிக்கு அதுவே முதல் தடவை. அது தீவுப் பெண்கள் கம்பளித் துணியை அடிக்கும்போது பாடுகிற வேலைப் பாட்டு. தறியிலிருந்து இறங்கிய துணியை நாள்பட்ட மூத்திரத்தில் ஊறவைத்து, நீளப் பலகையைச் சுற்றி உட்கார்ந்து, கை மாற்றிக் கை மாற்றி அடித்து இறுக்குவார்கள். ஒருத்தி அடி எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் திரும்பப் பாடுவார்கள். தறி ஊரில் பிறந்த எனக்கு அந்தத் தாளம் உடனே பிடிபட்டது. மெஷின் வந்தபின் அந்த வேலை ஒழிந்துவிட்டது. வேலை போனபின் பாட்டு மேடைக்கு ஏறாமல் வேறு எங்கேதான் போகும்?

அங்கே எல்லாம் சரி என்று சொல்ல வரவில்லை. மரபுப் பாட்டு என்று போட்டு, இசையமைத்தவர் தன் பங்குக்கான ராயல்டியை வாங்கிக்கொள்ளலாம், பாட்டைக் கொடுத்த கிழவிக்கு அதில் ஒன்றும் கிடையாது என்கிற நிலை அங்கேயும் உண்டு. நாடோடி மக்களைப் பாடகர்களாகக் கொண்டாடிக்கொண்டே, கூடாரம் போட வந்தால் விரட்டியதும் நடந்திருக்கிறது.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். கூத்தில் கீபோர்டு வந்தது எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் அது அந்நியம், அதனால் வேண்டாம் என்ற வாதம் நிற்காது. இன்றைக்கு நம் கூத்து மேடையின் முதுகெலும்பே ஆர்மோனியம், அதுவும் கப்பல் ஏறி வந்ததுதான். அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை அந்தப் பெட்டியை நிலையத்துக்குள்ளேயே விடவில்லை, நம் கூத்து வாத்தியார்கள் அதைக் கைவிடவும் இல்லை. வயலினும் கிளாரினெட்டும் வந்த வழி எல்லோருக்கும் தெரியும். முத்துசாமி தீட்சிதரே சென்னைக் கோட்டையில் வெள்ளைக்காரன் பேண்டு வாசித்த மெட்டுகளுக்கு நோட்டுஸ்வரச் சாகித்யம் செய்து வைத்திருக்கிறார்.

என் குறை வேறு. கர்ணன் சாகிற கட்டத்தில் முகவீணைக்காரர், அதாவது சின்ன நாகசுரம் மாதிரியான குழலை ஊதுகிறவர், ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு வழுக்கிக்கொண்டு போவார். நடுவில் எங்கே நிற்கிறார் என்று சொல்ல முடியாது, அந்த வழுக்கலில்தான் அழுகை இருக்கிறது. அதற்கு மைக்கைச் சீவாளிக்கு நேராக வைக்கக் கூடாது, ஒரு சாண் தள்ளிக் கீழே பார்த்த மாதிரி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் கிறீச்சென்று கேட்டு ஜனங்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள், அப்புறம் கீபோர்டே தேவலை என்பார்கள். பல இடங்களில் முகவீணை போனதற்கு மைக் வைக்கத் தெரியாததும் ஒரு காரணம், இதை என் தொழில்காரர்களிடமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். அந்த வழுக்கலைக் கேட்டு வளர்ந்த பையன் நாளைக்குக் கீபோர்டு வாசித்தாலும் அதைத் தேடுவான். கேட்கவே வழி இல்லாதவன் எதைத் தேடுவான்? முகவீணை வாசிக்கிற பெரியவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். எத்தனை பேருடைய வாசிப்பு விடிய விடிய, முழுசாக, நல்ல மைக்கில் பதிவாகியிருக்கிறது? செல்போனில் எடுத்த துண்டு துண்டான வீடியோ இருக்கும், அதில் பாதி நேரம் ஜனங்கள் பேசுகிற சத்தம்.

ஆடி மாதத்தில் சேலத்தைச் சுற்றிப் பார்த்தால் இன்னொன்று தெரியும். இப்போது பண்டிகைக் கமிட்டிக்காரர்கள் கேரளாவிலிருந்து செண்டை மேளம் இறக்குகிறார்கள். செண்டை அருமையான வாத்தியம், வாசிக்கிறவர்கள் மேல் எந்தக் குறையும் இல்லை. ஆனால் அம்மனை அழைக்கிற பம்பைக்காரர் இரண்டு மேளத்தையும் சேர்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு ஓரமாக நிற்கிறார். கரகம் புறப்படுகிற அந்தக் கொஞ்ச நேரத்துக்கு மட்டும் அவரைக் கூப்பிட்டு, சம்பளத்தில் கால்வாசி கொடுத்து அனுப்புகிறார்கள். இதற்கு நவீனம் மட்டும் காரணம் என்று சொன்னால் அது பொய். பம்பையும் பறையும் வாசிக்கிறவர்களை நாம் எந்தத் தெருவில் வைத்திருக்கிறோம், எந்த டம்ளரில் டீ கொடுத்தோம் என்பதும் காரணம். அவர்களுடைய பிள்ளைகள் இந்தத் தொழில் வேண்டாம் என்று போனால் அவர்களைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை. ஸ்காட்லாந்து நாடோடிகள் கதையைப் படித்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது இதுதான்.

ஏற்காட்டுக்கு மேலே, சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு நான் மைக் கட்டப் போவதுண்டு. கொட்டச்சேடு பக்கத்து மலைக் கிராமம் ஒன்றிலிருந்து வரும் ஒரு அம்மா சாமை குத்துகிற பாட்டு ஒன்று பாடுவார். உலக்கை விழுகிற இடத்தில் பாட்டு நிற்கும், தூக்கும்போது அடுத்த வரி வரும், அதனால் ஒவ்வொரு வரியும் பாதியில் மூச்சு விட்ட மாதிரி இருக்கும். சில வருஷத்துக்கு முன்னால் கீழேயிருந்து ஒரு குழு வந்து அதைப் பதிவு செய்துகொண்டு போனது. அப்புறம் அது கிட்டாரும் பேஸும் சேர்ந்து இணையத்தில் வந்தது. கேட்டேன், உண்மையிலேயே நன்றாக இருந்தது. உலக்கை விழுகிற இடத்தில் பேஸ் டிரம்மைப் போட்டிருந்தார்கள், விவரம் தெரிந்த கை. ஆனால் கீழே எழுதியிருந்தது ‘பாரம்பரியப் பாடல், சேர்வராயன் மலை’ என்று மட்டும். பாடிய அம்மாவின் பெயர் இல்லை, கிராமத்தின் பெயர் இல்லை, வெறும் உலக்கையோடு பாடிய அந்த முதல் பதிவு எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. மலைமேல் போய்க் கேட்டால் அந்த அம்மாவுக்கு அது வெளிவந்ததே தெரியாது. பேத்தி போனில் போட்டுக் காட்டியதும் முழுசாகக் கேட்டுவிட்டு, மூணாவது அடியை விட்டுட்டாங்களே என்று மட்டும் சொன்னார்.

அந்த மூன்றாவது அடி இப்போது அவரிடம் மட்டும்தான் இருக்கிறது. கட்டுரையாளர் கோபப்பட வேண்டிய இடம் இது. கிட்டார் சேர்த்ததை நான் மன்னிப்பேன் என்றுகூடச் சொல்லவில்லை, அதில் மன்னிக்க ஒன்றுமே இல்லை. பெயரை விட்டதும் மூலத்தைத் தொலைத்ததும்தான் தாங்க முடியவில்லை.

ஸ்காட்லாந்தில் அந்தப் பழைய டேப்புகளைக் கணினியில் ஏற்றி, 2010-லிருந்து இணையத்தில் ‘டோபர் அன் துவல்கைஸ்’ என்ற பெயரில் திறந்து வைத்திருக்கிறார்கள். பாடியவர் பெயர், ஊர், பதிவு செய்தவர் யார், எந்த ஆண்டு எல்லாம் அதில் இருக்கும், சேலத்தில் உட்கார்ந்துகொண்டு நானே காசு கொடுக்காமல் கேட்கிறேன். 1981-ல் பாரா தீவில், பிள்ளைகளுக்கு ஊர்ப்பாட்டும் வாத்தியமும் ஊர்க்காரர்களே கற்றுக்கொடுக்க ஒரு முகாம் தொடங்கினார்கள், அது நாடு முழுவதும் பரவியது. இதற்கெல்லாம் பணம் வேண்டும், உண்மை. ஆனால் முதல் அடிக்குப் பெரிய பணம் வேண்டாம். பல்கலைக்கழகம் நம் ஊரிலேயே இருக்கிறது, கல்லூரிகள் இருக்கின்றன, தமிழ் படிக்கிற பிள்ளைகள் வருஷா வருஷம் நாட்டுப்புறப் பாடல் என்று ஏடு தயாரிக்கிறார்கள். அந்த ஏட்டில் வரிகளை எழுதினால் போதாது. நம் பெரியவர்கள் தொகுத்துப் பதிப்பித்த நாட்டுப்பாடல் புத்தகங்கள் பெரிய சொத்துதான், ஆனால் அவற்றில் குரல் இல்லை. ஒவ்வொரு பிள்ளையும் ஒரே ஒருவரை, அவர் சம்மதத்தோடு, பெயரும் ஊரும் சொல்ல வைத்து, முழுப் பாட்டையும் குரலாகப் பதிவு செய்து கல்லூரி நூலகத்தில் கொடுக்கட்டும். மைக் எப்படி வைப்பது என்று கேட்டால் சம்பளம் இல்லாமல் வந்து சொல்லிக்கொடுக்கிறேன். என்னைப் போல் இன்னும் நாலைந்து பேரைக் கூட்டிவரவும் தயார். அந்தப் பதிவு ஒரு பக்கம் பத்திரமாக இருந்தால், அதை எடுத்து ராப் பாடினாலும் சரி, சிம்பொனி செய்தாலும் சரி, நான் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்பேன்.

உங்கள் நாளிதழுக்கும் ஒரு கோரிக்கை. ஒவ்வொரு ஆடியிலும் குகை வண்டி வேடிக்கைக்கும் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கும் பக்கம் பக்கமாகப் படம் போடுகிறீர்கள். வந்திருந்த பிரமுகர்களின் பெயர் வரிசையாக வருகிறது, மேளம் வாசிக்கிறவர் படத்துக்குக் கீழே ‘பம்பை முழங்க’ என்று மட்டும் வருகிறது. இந்த வருஷத்திலிருந்து அவர் பெயரையும் ஊரையும் கேட்டுப் போடுங்கள். உங்கள் நிருபருக்கு அதைக் கேட்க ஒரு நிமிஷம்கூட ஆகாது, அந்த இடத்தில் நானும் வயர் இழுத்துக்கொண்டுதான் இருப்பேன், தேவைப்பட்டால் ஆளைக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
மைக்செட் தொழில் செய்யும் வாசகர்,
அம்மாப்பேட்டை, சேலம்.